மாமா நெற்றியில் ஏழு பொட்டு

எங்கள் சித்தி நேபாளத்துக்காரி. இதைச் சொன்னால் மாத்தளையில் எவரும் முதலில் கேட்பது "எப்படி?" என்றுதான். துபாயில் ஒரு ஹோட்டலில் சித்தப்பா சமையலறையில் இருந்தார், சித்தி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அதற்கு மேல் இருவரும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்று நாள் முன்னால், இரண்டு சூட்கேஸ், ஒரு பிரஷர் குக்கர் சகிதம் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். அம்மா ஆரத்தி எடுத்தாள். அப்பா தன் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வருடப்பிறப்பு அன்று காலையில், எங்கள் ஊரிலும் இன்றைக்குத்தான் புது வருடம் என்று சித்தி ஆங்கிலத்தில் சொல்ல, அப்பா அதை நம்பாமல் சித்தப்பாவைப் பார்த்து "உண்மையாவா?" என்று கேட்டுவிட்டார். பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

பின்கட்டில் இருந்த இரண்டு அறைகளை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தோம். சித்தப்பாவுக்குத் தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் சித்தி எங்களோடுதான் இருந்தாள். தமிழை அம்மாவிடமும், சிங்களத்தை மீன்காரனிடமும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டாள். இரண்டையும் கலந்து அவள் பேசினால் யாருக்கும் புரியாமல் போனதில்லை.

எங்கள் வீட்டில் பண்டிகைக்குக் குறைவில்லை. தைப்பொங்கல், சிவராத்திரி, மாசி மகத்துக்கு அம்மன் தேர், நவராத்திரி, தீபாவளி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். சித்தி வந்த பிறகு இது இரட்டிப்பானது. ஆவணியில் ஒருநாள் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு, புருஷனுக்காக என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். விரதம் இருப்பவர்கள் சுருண்டு கிடப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவளோ போனில் பாட்டைப் போட்டுக் கொண்டு சமையலறையில் ஆடினாள். அவர்கள் ஊரில் அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் கூட்டமாக ஆடுவார்களாம். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று நானும் ஆடினேன்.

நவராத்திரி வந்தபோது அலமாரிக்குள் இருட்டில் ஒரு தட்டு மண்ணை வைத்துக் குரக்கன் விதையைத் தூவினாள். பார்லிதான் போட வேண்டும், மாத்தளையில் எங்கே தேடுவது என்றாள். "இது நம்ம முளைப்பாரி மாதிரி" என்று அம்மா சொன்னாள். விஜயதசமி அன்று வெளுத்த முளைகளைப் பிடுங்கி எங்கள் எல்லோர் காதிலும் செருகிவிட்டாள். தயிரில் அரிசியும் குங்குமமும் குழைத்துத் தன் நெற்றி நிறைய அப்பச் சொல்லி, அப்பா அம்மா காலில் விழுந்தாள். அப்பா அந்த முளையைக் காதிலிருந்து எடுக்க மறந்து கடைத்தெருவரை போய்வந்தார்.

ஆனால் சித்தியின் பெரிய பண்டிகை தீபாவளியோடு வருவது. எங்களுக்கு ஒரு நாள், அவர்களுக்கு ஐந்து நாள். முதல் நாள் காக்கைக்கு. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, நாங்களும் காக்கைக்குச் சோறு வைக்கிறவர்கள்தான். இரண்டாம் நாள் நாய்க்கு. அது சரியாக எங்கள் தீபாவளி அன்று வந்து தொலைத்தது. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்க, சித்தி ஒழுங்கையில் குந்தியிருந்து, யாருக்கும் சொந்தமில்லாத செவலை நாய் ஒன்றுக்குக் குங்குமம் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டாள். நாய் மாலையோடு ஒழுங்கை முழுக்கச் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்னங்க, ஒங்க வீட்டு மருமக நாய்க்கு மாலை போட்டுச்சாமே?"

"வைரவரோட வாகனம் இல்லையா? அவங்க ஊர்ல முறையா செய்றாங்க. நாமதான் விட்டுட்டோம்" என்றாள் அம்மா. உள்ளே வந்த பிறகு, "அடுத்த வருசமாவது பின்பக்கமா வச்சு மாலை போடு புள்ள" என்று சித்தியிடம் சொன்னாள்.

காக்கையும் நாயும் விளையாட்டு. ஐந்தாம் நாள்தான் சித்திக்கு உயிர். அன்று சகோதரிகள் சகோதரர்களுக்குப் பொட்டு வைக்கும் நாள். ஒரு பொட்டு அல்ல, நெற்றியில் மேலிருந்து கீழாக ஏழு நிறத்தில் ஏழு பொட்டு. அண்ணனைப் பலகையில் உட்காரவைத்து, எமன் நெருங்காதபடி அவனைச் சுற்றி எண்ணெயால் வட்டம் போட்டு, வாசற்படியில் ஒரு வால்நட்டை உடைத்து, பொட்டு வைத்து, வாடாமல்லி மாலை போட்டு, இனிப்பு ஊட்ட வேண்டும். அதுவரை சகோதரி பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது.

சித்திக்கு ஒரே ஒரு அண்ணன். தாயில்லாப் பிள்ளையை அவர்தான் தூக்கி வளர்த்தார், பள்ளிக்கு அனுப்பினார், கடைசியில் துபாய்க்கு விமானமும் ஏற்றிவிட்டார். ஊரில் மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டுத் தங்கைக்காகக் காத்திருந்தவரிடம், தங்கை போனில் அழைத்து, கடலுக்கு நடுவில் இருக்கும் ஒரு நாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டேன் என்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தங்கை கிடையாது என்று வைத்துவிட்டார். அதோடு சரி. சித்தி அனுப்பும் செய்திகளை எல்லாம் பார்ப்பார், இரண்டு நீலக் கோடு விழும். பதில் வராது. அழைத்தால் மணி அடித்து ஓயும். சித்திக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்த மனிதர் ஒரு தடவை பேச வேண்டும்.

வந்த முதல் வருடம் அந்த ஐந்தாம் நாளில் சித்தி பலகையைப் போட்டு, தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, போனை அதன் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காலையில் அழைத்தாள். மத்தியானம் அழைத்தாள். பின்னேரம் நான் பள்ளிவிட்டு வந்தபோதும் அப்படியேதான் இருந்தாள். விளக்கு வைக்கும் நேரம் எழும்பப்போனவள் தலைசுற்றி விழுந்தாள். அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து, சீனி கரைத்து வாயில் ஊற்றினாள். அந்தத் தண்ணீரை விழுங்கிவிட்டோமே என்றுதான் சித்தி அன்று அதிகம் அழுதாள்.

மறு வருடம் நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த வருடம். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முதல் வாரமே அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"இந்தா பாரு, இந்த வருசமும் ஒன்னய பட்டினி போட்டுப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது. நான் ஒனக்கு அக்கான்னா, என் அண்ணன் ஒனக்கும் அண்ணன்தான். அவருக்கு வையி."

"வைக்கலாம் அக்கா. எங்க ஊர்லயும் அண்ணன் இல்லாதவங்க வேற ஆளுக்கு வைப்பாங்க" என்றாள். பிறகு, "ஆனா எனக்கு அண்ணன் இருக்கு" என்றாள்.

அம்மாவின் அண்ணனான என் மாமாவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலவில், ரோட்டோரம், மிளகு, கராம்பு, ஜாதிக்காய் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. முருகனைத் தவிர வேறு யாருக்கும் அவர் பயந்து நான் கண்டதில்லை. தீபாவளி முடிந்ததும் வரும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம், பகலில் ஒன்றுமில்லை, இரவில் கொஞ்சம் பாலும் ஒரு பழமும். சித்தியின் ஐந்தாம் நாள் அந்த விரதத்தின் இரண்டாம் நாளில் வந்து விழுந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னதும் மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"விரதத்துல ஒக்காந்து இனிப்பு திங்கச் சொல்றியா? ஒனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"இனிப்பு வேணாம். ராத்திரி குடிக்கிற பாலையும் பழத்தையும் அந்த நேரத்துல அவ கையால சாப்பிடுங்க."

"அப்ப ராத்திரிக்கு?"

"ராத்திரிக்கு முருகன நெனச்சிக்கிட்டுப் படுங்க. போன வருசம் அந்தப் புள்ள விழுந்தத நீங்க பாக்கல அண்ணே."

மாமா வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். ஆனால் ஐந்தாம் நாளான அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம், தலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வால்நட் மாத்தளையில் கிடைக்காது என்று அம்மா சொல்லியிருந்ததால், ஒரு பையில் ஓட்டோடு பத்துப் பன்னிரண்டு ஜாதிக்காயும் இருந்தது.

அதற்கு முன்பே சித்தி அண்ணனுக்கு மூன்று தடவை அழைத்து முடித்திருந்தாள். நான் கதவடியில் நின்று பார்த்தேன், திரை என் கண்ணில் படவில்லை. மணி அடித்தது, ஓய்ந்தது. சித்தி ஏதோ எழுதி அனுப்பினாள். அவள் அம்மாவிடம் சொன்னபடி, வழக்கம்போல நீலக் கோடு விழுந்தது. போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணே" என்று மாமாவைக் கூப்பிட்டாள்.

மாமா பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சித்தி அறுகம்புல்லை நல்லெண்ணெயில் தோய்த்துச் சொட்டவிட்டுக்கொண்டே மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"இது எதுக்கு?"

"எமன் வரக் கூடாது அண்ணே. நான் சொல்ற வரைக்கும் நீங்க வெளிய வரக் கூடாது."

"நல்ல நாளும் அதுவுமா அவன் பேர எதுக்கும்மா சொல்றீங்க" என்றார் மாமா. ஆனால் முழங்காலை வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

சித்தி வாசற்படிக்குப் போய் ஒரு ஜாதிக்காயை வைத்து, அம்மிக் குழவியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். அது தெறித்து ஒழுங்கைக்கே போய்விட்டது. இன்னொன்றை வைத்தாள். மூன்றாவதுதான் நொறுங்கியது. அவள் ஊர் வழக்கப்படி அண்ணனுக்கு வரும் கெடுதல் எல்லாம் அதோடு நொறுங்கிப்போக வேண்டும். மாமாவுக்கு ஜாதிக்காய் நொறுங்கியதுதான் தெரிந்தது.

"அடடா, நல்ல முத்தின காய்" என்றார்.

பிறகு பொட்டு. விபூதியை அழிக்க மாமா சம்மதிக்கவில்லை. சித்தி வாழையிலையில் நீளமாக ஒரு கீறல் வெட்டி, அதை நெற்றியில் வைத்து, அரிசிமாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள்.

"என்னம்மா இது, எனக்கு நாமம் போடுறீங்களா?"

"பேசாதீங்க அண்ணே, கோடு வளையுது."

அந்தக் கோட்டின் மேல் மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம், வெள்ளை, செம்மஞ்சள், ஊதா என்று தீபாவளிக் கோலப்பொடியில் ஏழு பொட்டு. கடைசிப் பொட்டை வைத்தபோது சித்தி ஏதோ முணுமுணுத்தாள், அது மந்திரமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. வாடாமல்லி மாலையைப் போட்டாள். மாமா, சஷ்டி விரதக்காரர், பட்டைக்கு மேல் பொட்டுப் பொட்டாகப் பல நிறங்களோடு கலியாண மாப்பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாப்பா, என் கையெல்லாம் கலர். போன்ல ஒரு போட்டோ புடிச்சு சித்தப்பாக்கு அனுப்பு" என்றாள் சித்தி.

போனை எடுத்தேன். மாமாவைப் படம் பிடித்தேன். சித்தியின் போனில் பெயர்கள் எல்லாம் அவள் ஊர் எழுத்தில் இருந்தன. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு பெண் தினமும் யாருக்கு அதிகம் செய்தி அனுப்புவாள்? புருஷனுக்குத்தானே? பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே பனி மூடிய மலைப் படத்தோடு ஒரு பெயர் இருந்தது. சித்தப்பாவுக்கு இமயமலை என்றால் பைத்தியம், வீட்டில் மூன்று காலண்டர் அதுவாகத்தான் மாட்டியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. அனுப்பிவிட்டேன். உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. சித்தப்பாவுக்கு இன்றைக்கு வேலை குறைவு போல என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி ஒரு கையில் பாலை ஏந்தி, மறு கையால் மாமாவுக்கு வாழைப்பழத்தை ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அதே பனி மலை.

சித்தி அதைப் பார்த்தாள். பால் மாமாவின் வேட்டியில் கொட்டியது. கலர்க் கையோடேயே போனை எடுத்தாள். மொட்டைத் தலையில் தொப்பி போட்ட ஒரு மனிதர் திரை நிறைய வந்தார். வந்ததும் கத்த ஆரம்பித்தார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. வீட்டில் அப்பா கத்துவார், பள்ளியில் அதிபர் கத்துவார், ஆனால் நடுவில் மூச்சு எடுப்பார்கள். இவர் எடுக்கவில்லை. சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

"யாரு? என்ன சொல்றான்?"

சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். அந்த மனிதர் விரலை நீட்டி ஏதோ கேட்டார். சித்தி போனை மாமாவின் பக்கம் திருப்பினாள். மாமாவுக்கு எழும்பி ஓடவும் வழியில்லை, எண்ணெய் வட்டத்துக்குள் இருந்தார். வாயில் பாதி வாழைப்பழம். கையைக் கூப்பி "வணக்கம்" என்றார். அதற்கும் கத்தல் வந்தது. மாமா பழத்தை விழுங்கிவிட்டு, "நான் வந்து... சஷ்டி விரதம்" என்றார். திரையில் இருந்தவர் அதைக் கேட்டு இன்னும் உரக்கக் கத்தினார். சித்தி பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போனைக் கட்டிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. படத்தை யாருக்கு அனுப்பினேன் என்பது புரிந்துவிட்டது. நான் உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று அந்த மனிதர் என்ன கத்தினார் என்று பல வருடம் கழித்து, நான் உயர்தரம் படிக்கும்போது ஒருநாள் சித்தி சொன்னாள். "அது யார் உன் பலகையில் உட்கார்ந்திருக்கிற கிழவன்? நான் செத்துப்போய்விட்டேனா? இரண்டு வருடமாக இந்த நாளில் வெறும் நெற்றியோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீ என் பொட்டைக் கொண்டுபோய் ஊரான் ஒருவனுக்கு வைக்கிறாயா? மூன்று தடவை அழைத்து நான் எடுக்காவிட்டால், நாலாம் தடவை அழைக்கக் கை வலிக்கிறதா உனக்கு?" இதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. கிழவன் என்பதை அவர் தாங்கியிருக்க மாட்டார். அன்றைக்கு அவர் ஏழு பொட்டையும் அழிக்காமல் அப்படியே பலாபத்வல பஸ் ஏறினாராம், இரவுக்குப் பாலும் குடிக்கவில்லையாம்.

ஆனால் எனக்குப் பத்து வயது. கதவுக்கு அந்தப் பக்கம் கத்தல் ஓய்ந்து வெகு நேரம் கழித்தும் சித்தியின் விசும்பல் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் அவள் சிரித்த மாதிரியும் கேட்டது, அதை அழுகை முற்றிப்போனதாக எடுத்துக்கொண்டேன். மத்தியானம் நான் வெளியே வந்தபோது சித்தி ஒரு பெரிய கோப்பைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துப் பக்கத்தில் வா என்று கையசைத்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் பின்பக்கமாக ஓடிவிட்டேன். அன்று முழுக்க யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

எனக்குச் சித்தியை அவ்வளவு பிடிக்கும். என்னோடு ஆடிய ஒரே பெரிய மனுஷி அவள்தான். அவளை இப்படி அழவைத்த மனிதரை நானே வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேனே என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் அம்மா குளிக்கப் போன நேரம், முற்றத்துச் செம்பருத்தியில் இருந்ததிலேயே பெரிய பூவைப் பறித்தேன். சாமித்தட்டுக்கு எட்டாமல், முக்காலி போட்டு ஏறி, அம்மன் படத்துக்கு வைத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வேண்டினேன். "அம்மாளே, அந்த ஆள் இனிமே ஒருநாளும் என் சித்திக்குப் போன் கோல் எடுக்கக் கூடாது."

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சித்தியின் போன் அடித்தது. பனி மலை. சித்தி பல் விளக்கியதைப் பாதியில் விட்டு, வாய் நிறைய நுரையோடு ஓடினாள். அந்தக் குரல் மறுபடியும் வீடு முழுக்கக் கேட்டது. நான் முக்காலியை இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டு ஏறி, அம்மன் படத்திலிருந்து என் பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.